பீட்டர்ஹாஃப்: மோட்டார் இல்லாத அரண்மனை

ரஷ்யால செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போற எல்லாரும் பீட்டர்ஹாஃப் போயி அந்த தங்க சிலைங்க முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு வர்றாங்க. நானும் எடுத்தேன். ஆனா அந்த இடத்துல என்னய ரொம்ப நேரம் நிக்க வெச்சது தங்கம் இல்ல. கீழ் தோட்டத்துல அத்தன பவுண்டன் பீச்சி அடிக்குது பாருங்க, அதுல ஒன்னுக்கு கூட பம்ப் கிடையாது. மோட்டார் கிடையாது, கரன்ட் கிடையாது. 1721ல வெட்டுன வாய்க்கால்ல இருந்து தண்ணி தானா இறங்கி வந்து தானா மேல எழும்புது. நான் பைப்லைன் வேலைல இருக்கவன், தண்ணிய ஒரு மட்டத்துல இருந்து இன்னொரு மட்டத்துக்கு கொண்டு போறதுதான் என் பொழப்பு, அதனால இத பத்தி எழுதாம இருக்க முடியல. அரண்மனை பத்தி, ராஜா ராணி பத்தி எழுத நெட்ல ஆயிரம் பேர் இருக்காங்க, நான் தண்ணி பத்தி எழுதுறேன்.

தம்பி அங்க மெடிசின் படிக்கிறான், அவன பாக்க போனப்பதான் பீட்டர்ஹாஃப் போனது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருந்து மேற்க 30 கிலோமீட்டர் இருக்கும், பின்லாந்து வளைகுடா கரை. பஸ், ட்ரெய்ன் எல்லாம் இருக்கு, ஆனா சீசன்ல ஆத்துல இருந்து தண்ணிக்கு மேல எழும்பி ஓடுற வேக போட் ஒன்னு விடுறாங்க, அதுலதான் போனோம். அதுல போறது நல்ல முடிவு, ஏன்னா அந்த காலத்துல விருந்தாளிங்க எல்லாம் கடல் வழியாதான் வருவாங்க, அரண்மனைய கட்டுனதே கடல்ல இருந்து பாக்குறதுக்காகத்தான். கரைல இறங்கினா நேரா ஒரு கால்வாய், ரெண்டு பக்கமும் வரிசையா பவுண்டன், கால்வாய் முடியற இடத்துல சாம்சன் சிலை, அதுக்கு பின்னாடி படி படியா இறங்குற தண்ணி, அதுக்கும் மேல மேட்டுல மஞ்சளும் வெள்ளையுமா அரண்மனை. ஒரே நேர்கோடு. அந்த கால்வாய் வழியா முன்ன படகே சிலை வரைக்கும் வருமாம்.

சரி, கதைக்கு வர்றேன். பீட்டர் ராஜா, நம்ம புக்ல மகா பீட்டர்னு போட்டிருப்பாங்க, 1703ல சுவீடன் கிட்ட இருந்து பிடிச்ச சதுப்பு நிலத்துல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்க கட்ட ஆரம்பிச்சார். கடல்ல எதிர்க்க ஒரு தீவு, அங்க க்ரோன்ஷ்டாட் கோட்டை. அந்த கோட்டை வேலைய பாக்க போகவர வழியில தங்குறதுக்கு ஒரு வீடு வேணும்னுதான் இந்த கரைல இடம் பிடிச்சது. 1714ல கட்ட ஆரம்பிச்ச ஒரு வீட்டுக்கு மோன்ப்ளெசிர்னு பேரு, கடல ஒட்டி தரையோட தரையா இருக்க ஒரு சின்ன செங்கல் வீடு, டச்சுக்காரங்க ஸ்டைல்ல. பீட்டருக்கு புடிச்சது இதுதான். மேட்டுல இருக்க பெரிய அரண்மனை இன்னைக்கு இருக்க சைஸ்க்கு வந்ததே அவர் பொண்ணு எலிசபெத் காலத்துலதான்.

1717ல பீட்டர் பிரான்ஸ் போறார். வெர்சாய் பாக்குறார், பக்கத்துல மார்லி அரண்மனையும் பாக்குறார், அங்க இருக்க தண்ணி மெஷினயும் பாக்குறார். இந்த மெஷின பத்தி கொஞ்சம் சொல்லணும், இல்லன்னா பீட்டர்ஹாஃப் அருமை புரியாது. வெர்சாய் இருக்க இடத்துல தண்ணி கிடையாது. பதினாலாம் லூயி அங்கதான் அரண்மனை வேணும்னு உக்காந்துட்டார், ஆயிரக்கணக்குல பவுண்டன் வேணும்னும் சொல்லிட்டார். என்ன பண்றது? செய்ன் ஆத்துல 14 பெரிய சக்கரம் போட்டு, ஆத்து ஓட்டத்துலயே அத சுத்த விட்டு, அதுல 200க்கும் மேல பம்ப் மாட்டி, தண்ணிய 150 மீட்டருக்கு மேல தூக்குனாங்க. 1684ல வேலை முடிஞ்சுது. அந்த காலத்துக்கு அது ஒரு அதிசயம்தான், மரத்துலயும் இரும்புலயும் பண்ணது, சத்தம் ஊருக்கே கேக்குமாம், ரிப்பேர் பாக்கவே ஒரு படை இருந்துச்சு. அப்பயும் தண்ணி பத்தல. எல்லா பவுண்டனையும் ஒரே நேரத்துல ஓட விட முடியாது. ராஜா தோட்டத்துல நடந்து போனா, பவுண்டன் ஆளுங்க விசில் அடிச்சு ஒருத்தருக்கொருத்தர் சிக்னல் குடுப்பாங்க, ராஜா வர்ற பக்கம் திறந்து விட்டு, அவர் தாண்டிப் போனதும் மூடுவாங்க. இன்னொரு ஆத்து தண்ணிய திருப்பி கொண்டு வரலாம்னு பல ஆயிரம் சிப்பாய்கள வெச்சு தண்ணி போற பாலம் கட்ட ஆரம்பிச்சு, போர் வந்ததால பாதியில விட்டதுதான் மெய்ன்தனோன்ங்கற ஊர்ல இன்னும் நிக்குது.

பீட்டர் இத எல்லாம் பாத்துட்டுதான் ஊருக்கு வந்தார். வெர்சாய் மாதிரி வேணும், ஆனா வெர்சாய் மாதிரி தண்ணிக்கு தவிக்க கூடாது. முதல்ல ஸ்ட்ரெல்னான்னு ஒரு இடத்துலதான் பெரிய பவுண்டன் அரண்மனைய ஆரம்பிச்சாங்க, பீட்டர்ஸ்பர்க்குக்கு இன்னும் கிட்ட. வேலை நடந்துட்டு இருக்கும்போதே தண்ணி கணக்கு போட்டு பாத்தா அங்க மட்டம் சரியா வரல. பவுண்டன் ஓடணும்னா தண்ணிய தேக்கி ரொம்ப உயரம் ஏத்தணும், அப்ப சுத்தி இருக்க நிலம் முங்கும். உடனே மனச மாத்திட்டார். அந்த வேலைய பின்னுக்கு தள்ளிட்டு பீட்டர்ஹாஃப் பக்கம் வந்துட்டார். ஆரம்பிச்ச வேலைய மட்டம் ஒத்து வரலன்னு ஒரு ராஜா கைவிடுறது சாதாரண விஷயம் இல்லைங்க. எங்க சைட்ல ஓனர் கிட்ட "சார் இங்க வாட்டம் வராது, தொட்டிய அந்த பக்கம் மாத்திக்கலாம்"னு சொன்னா ஒத்துக்க வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆகும்.

1720ல பீட்டர் தானே சுத்தி திரிஞ்சு பாக்குறார். பீட்டர்ஹாஃப்ல இருந்து தெற்க 20 கிலோமீட்டருக்கு மேல போனா ரோப்ஷா மேடு. கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 100 மீட்டர் வரைக்கும் உயரம் இருக்கு, அங்க நிலத்துக்கு அடியில இருந்து ஊத்து தண்ணி சுத்தமா, வருஷம் பூரா வந்துட்டே இருக்கு. ஊத்து மேட்டுல, அரண்மனை பள்ளத்துல, நடுவுல ஒரே சரிவு. இதுக்கு மேல என்ன வேணும்? வசிலி துவோல்கோவ்னு ஒரு ரஷ்ய இன்ஜினியர் கிட்ட வேலைய குடுத்தாங்க. 1721 ஜனவரில வெட்ட ஆரம்பிச்சாங்க. அந்த ஊர் ஜனவரின்னா மண்ணு கல்லா உறைஞ்சு கிடக்கும், கடப்பாறை இறங்காது. சிப்பாய்களும் குடியானவங்களும் சேந்து வெட்டுனாங்க. ஆகஸ்ட் மாசம் முடிச்சுட்டாங்க. 8ஆம் தேதி பீட்டரே மண்வெட்டிய எடுத்து கடைசி தடுப்ப வெட்டி விட்டார், தண்ணி பாய ஆரம்பிச்சுது. அதே மாசம் 30ஆம் தேதி சுவீடனோட சமாதான ஒப்பந்தம், 21 வருஷ சண்டை முடிஞ்சுது. ரெண்டும் ஒரே மாசத்துல. வெட்டுனவங்க பேர் ஒன்னும் எங்கயும் எழுதி வைக்கல, துவோல்கோவ் பேர் மட்டும் இருக்கு, அந்த பேர் கூட அங்க வர்ற டூரிஸ்ட்ல நூத்துல ஒருத்தருக்கு தெரிஞ்சிருந்தா ஆச்சரியம்.

இப்ப இது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன், முடிஞ்ச வரைக்கும் எளிமையா. நம்ம வீட்டு மொட்டை மாடி டேங்க்ல இருந்து கீழ் பைப்ல தண்ணி வேகமா வருதே, அதே கதைதான். டேங்க் எவ்ளோ உயரமோ அவ்ளோ பிரஷர், 10 மீட்டர் உயரத்துக்கு தோராயமா ஒரு கிலோ பிரஷர். இங்க டேங்க்குக்கு பதிலா குளம். ரோப்ஷால இருந்து வாய்க்கால் வழியா வர்ற தண்ணி அங்கங்க இருக்க குளத்துல தேங்கும், ஒவ்வொரு குளத்துக்கும் மதகு, வேணுங்கறப்ப திறக்கலாம், கடைசியா மேல் தோட்டத்துல இருக்க பெரிய தொட்டிங்களுக்கு வரும். மேல் தோட்டத்துல இருக்க அந்த சதுர தொட்டிங்கள பாத்தா அழகுக்கு வெச்ச மாதிரி இருக்கும். ஆனா அதுங்கதான் கீழ இருக்க பவுண்டனுக்கு டேங்க். அரண்மனை நிக்கிற மேட்டுக்கும் கீழ் தோட்டத்துக்கும் 16 மீட்டர் வித்தியாசம், இயற்கையாவே. மேல இருந்து குழாய்ல இறங்கி கீழ வந்து சின்ன வாய் வழியா வெளிய வரும்போது அந்த பிரஷர்ல மேல பீச்சி அடிக்குது. குழாய் கூட அரண்மனைல இருந்து தூரம் போக போக சின்னதாக்கிட்டே போவாங்க, முன்ன மரக்குழாய், ஈயக்குழாய் போட்டிருந்தாங்க, அப்பறம் வார்ப்பிரும்பு.

இங்கதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. சாம்சன் சிலைல, சிங்கத்தோட வாயில இருந்து வர்ற தண்ணி 20 மீட்டர் உயரம் போகுது. மேட்டோட உயரமே 16தான். தண்ணி தான் கிளம்புன மட்டத்த தாண்டி மேல போகவே போகாது, குழாய்ல உரசல்ல நஷ்டம் வேற ஆகும், அப்ப 20 மீட்டர் எப்படி? தம்பி கிட்ட சொன்னேன், "டேய், இதுல எங்கயோ மோட்டார் வெச்சிருக்காங்கடா, கணக்கு வரல". அவன் "அண்ணே, ஊர் பூரா இல்லன்னு சொல்றாங்க, நீ மட்டும் தேடிட்டு இரு"ன்னு சிரிச்சான். அப்பறம்தான் தெரிஞ்சுது, சாம்சனுக்கு மட்டும் தனி லைன். மேல் தோட்டத்துக்கும் தெற்க, இன்னும் மேட்டுல ஒரு தனி தொட்டி, அதுல இருந்து தனி குழாய் நேரா சாம்சனுக்கு. மத்த எந்த பவுண்டனுக்கும் அதுல பங்கு இல்ல. இத கேட்டப்ப எனக்கு எவ்ளோ சந்தோஷம்னு சொல்ல முடியாது. 1730கள்ல ஒருத்தர் உக்காந்து, இந்த சிங்கம் மத்த எல்லாத்தையும் விட உயரமா அடிக்கணும், அதுக்கு எந்த மேட்டுல தொட்டி வைக்கணும்னு கணக்கு போட்டிருக்கார். அந்த கணக்கு இன்னைக்கும் தப்பல.

சாம்சன் யாருன்னா, பைபிள்ல சிங்கத்தோட வாய கிழிச்ச பலசாலி. ஆனா இங்க அவர் ரஷ்யா, சிங்கம் சுவீடன், சுவீடன் அரச சின்னத்துல சிங்கம் இருக்கு. 1709ல பொல்தாவாங்கற இடத்துல பீட்டர் சுவீடன் படைய தோக்கடிச்ச நாள் புனித சாம்சனோட திருநாள். அந்த வெற்றியோட 25ஆம் வருஷ ஞாபகமா 1735ல இந்த சிலை வந்துச்சு. முதல் சிலை ஈயத்துல வார்த்தது. ஈயம் மென்மையான உலோகம், வருஷக்கணக்கா தண்ணியும் குளிரும் பட்டு வளைஞ்சு போச்சு, அதனால 1802ல கோஸ்லோவ்ஸ்கிங்கற சிற்பி வெண்கலத்துல புதுசா பண்ணார். சாம்சனுக்கு பின்னாடி படி படியா தண்ணி இறங்குற அடுக்குல இருக்க மத்த ஈய சிலைங்களயும் அந்த சமயத்துலதான் வெண்கலமா மாத்தி தங்க முலாம் போட்டாங்க. மொத்தம் அந்த ஒரு அடுக்குல மட்டும் 64 பவுண்டன். ரெண்டு பக்கமும் படிக்கட்டு மாதிரி தண்ணி இறங்குது, நடுவுல குகை. குகைக்கு உள்ள போக தனி டிக்கெட், அது வாங்குங்க, தயவு செஞ்சு வாங்குங்க. உள்ள பழைய குழாய்ங்கள பாக்கலாம், கொட்டுற தண்ணிக்கு பின்னாடி நின்னு தோட்டத்த பாக்கலாம். ஒரு மேசைல பழம் வெச்சிருக்கும், பழத்த எடுக்க போனா சுத்தி தண்ணி அடிக்கும். பீட்டருக்கு இந்த மாதிரி விளையாட்டு ரொம்ப புடிக்கும்.

தோட்டம் பூராவே அந்த மாதிரி விளையாட்டு பவுண்டன் இருக்கு. குடைன்னு ஒன்னு, அடியில பெஞ்ச் போட்டு நிழலா இருக்கும், போயி உக்காந்தா குடை ஓரத்துல இருந்து சுத்தி மழை மாதிரி கொட்டும், உள்ள மாட்டிக்குவீங்க. உலோகத்துல பண்ண ஓக் மரம் ஒன்னு, கிளை இலை எல்லாத்துல இருந்தும் பீச்சும். கல்லு பாவுன ஒரு இடத்துல குழந்தைங்க எந்த கல்ல மிதிச்சா தண்ணி வருதுன்னு கண்டுபிடிக்க தாவி தாவி குதிக்கிறாங்க, ஒரு தாத்தா பேத்திய தோள்ல வெச்சுகிட்டு சட்டை பூரா நனைஞ்சு நின்னார், அந்த பாப்பா இறங்கவே மாட்டேங்குது. நாய் ஒன்னு நாலு வாத்த துரத்துற மாதிரி ஒரு பவுண்டன், அது சுத்திட்டே இருக்கும். பீட்டர் காலத்துல அந்த நாய்க்கு குலைக்கிற சத்தமும் வாத்துக்கு கத்துற சத்தமும் வர்ற மாதிரி பண்ணிருந்தாங்க, அதுக்கும் அடியில ஒரு தண்ணி சக்கரம்தான்.

எனக்கு ரொம்ப புடிச்சது பிரமிட். டூரிஸ்ட் பாதையில இருந்து கொஞ்சம் ஒதுங்கி இருக்கும், கூட்டம் கம்மி. 505 வாய்ல இருந்து தண்ணி பீச்சுது, 7 அடுக்கு, நடுவுல உயரம், ஓரத்துல குட்டை, தண்ணியே ஒரு வெள்ளை கோபுரமா நிக்கும். சாதாரணமா பாத்தா "ஓ அழகா இருக்கு"ன்னு போயிடலாம். ஆனா யோசிங்க, ஒரே குழாய்ல இருந்து வர்ற தண்ணி, ஒவ்வொரு அடுக்கும் வேற வேற உயரம், அதுவும் பிசிறு இல்லாம. தரைக்கு அடியில இருக்க பெட்டிய தனித்தனி அறையா பிரிச்சு ஒவ்வொரு அறைக்கும் வேற பிரஷர் போற மாதிரி பண்ணிருக்காங்க. இப்ப நாம வால்வ், கேஜ், கன்ட்ரோல் பேனல் எல்லாம் போட்டு பண்றத அவங்க உலோக பெட்டியும் ஓட்டையும் வெச்சு பண்ணிட்டாங்க. நான் அத சுத்தி சுத்தி வந்தேன், தம்பி ஒரு பெஞ்ச்ல உக்காந்து தூங்கியே போயிட்டான்.

அரண்மனைக்கு உள்ளயும் போனோம். போட்டோ எடுக்க விடல, கால்ல துணி உறை மாட்டிக்க சொன்னாங்க, கூட்டம் கூட்டமா டைம் வெச்சு விடுறாங்க. பீட்டரோட சின்ன அரண்மனைய எலிசபெத் ராணி 1740கள், 50கள்ல பெருசாக்கி கட்டினார், கட்டுனவர் ராஸ்ட்ரெல்லி, முதல் சாம்சன ஈயத்துல பண்ண சிற்பியோட மகன். வெளிய இருந்து பாக்க 250 மீட்டருக்கு மேல நீளம், மலை மாதிரி தெரியும், உள்ள போனா அகலம் ரொம்ப கம்மி, மேட்டோட விளிம்புல ஒல்லியா நீட்டிருக்காங்க. படிக்கட்டு, ஹால், கண்ணாடி எல்லாமே தங்கம் தங்கம்னு கண்ணு கூசுது. பீட்டரோட ஓக் மர ரூம் மட்டும் அமைதியா இருந்துச்சு, சுவர் பூரா மரச் செதுக்கல்.

ஒரு ஹால் பத்தி மட்டும் சொல்லிடறேன். செஸ்மே ஹால். 1770ல துருக்கி கப்பல் படைய ரஷ்யா செஸ்மேங்கற இடத்துல எரிச்சு அழிச்சாங்க. அத படமா வரைய ஹாக்கர்ட்னு ஒரு ஜெர்மன் ஓவியர்கிட்ட சொன்னாங்க. அவர் கப்பல் வெடிக்கிறத வாழ்க்கைல பாத்ததில்ல. அவர் வரைஞ்சத பாத்துட்டு தளபதி ஓர்லோவ் இது நிஜம் மாதிரி இல்லன்னு சொல்லி, 1772ல இத்தாலில லிவோர்னோ துறைமுகத்துக்கு வெளிய ஒரு பழைய போர்க்கப்பல நிஜமாவே வெடி வெச்சு வெடிக்க விட்டார், ஓவியர் பாத்து வரையணும்னு. கரைல ஆயிரக்கணக்கான ஜனம் நின்னு வேடிக்கை பாத்துச்சாம். அந்த ஹால்ல 12 பெரிய படம் மாட்டிருக்கு, தீப்பிழம்ப பாத்தா அந்த ஆள் கண்ணால பாத்துதான் வரைஞ்சிருக்கார்னு தெரியுது.

ஆனா உள்ள இருக்கறது பெரும்பாலும் திரும்ப கட்டுனது. இத பத்தி சொல்லாம இந்த பதிவ முடிக்க எனக்கு மனசு வராது.

1941 செப்டம்பர் 23ஆம் தேதி ஜெர்மன் படை பீட்டர்ஹாஃப்குள்ள வந்துச்சு. அவங்க வர்றதுக்கு முன்னாடி அங்க மியூசியத்துல வேலை பாத்தவங்க ராத்திரி பகலா சாமான மூட்டை கட்டி உள்நாட்டுக்கு அனுப்பினாங்க, பளிங்கு சிலைங்கள தோட்டத்துலயே குழி தோண்டி புதைச்சாங்க, அடையாளம் தெரியாத மாதிரி மூடினாங்க. அப்படி செஞ்சதாலதான் ஆதாம் ஏவாள் மாதிரி பீட்டர் காலத்து சிலைங்க இன்னைக்கும் நிக்குது. ஆனா சாம்சன், அதுக்கு பக்கத்துல இருந்த வோல்கோவ், நேவா ஆறுகளோட சிலை, இதெல்லாம் ரொம்ப பெருசு, எடுக்க முடியல. அரண்மனை எரிஞ்சுது. அக்டோபர் மாசம் க்ரோன்ஷ்டாட்ல இருந்து கிட்டத்தட்ட 500 கடற்படை வீரருங்க ராத்திரில இந்த தோட்டத்து கரைல இறங்கி ஜெர்மன்காரங்கள எதிர்த்து சண்டை போட்டாங்க. கிட்டத்தட்ட எல்லாருமே செத்துட்டாங்க. இன்னைக்கு நாம ஐஸ்க்ரீம் வாங்கி தின்னுட்டு நடக்கற அதே மரத்தடியிலதான். 1944 ஜனவரி 19 வரைக்கும், ரெண்டு வருஷத்துக்கும் மேல, இந்த இடம் போர்முனை. திரும்ப பிடிச்சப்ப அரண்மனைல கூரை இல்ல, வெறும் கரி படிஞ்ச சுவர், தோட்டத்து மரத்துல ஆயிரக்கணக்குல வெட்டிட்டாங்க, குழாய் எல்லாம் நாசம், எங்க பாத்தாலும் கண்ணிவெடி. சாம்சன காணோம். எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, உருக்கிருப்பாங்கன்னு நினைக்கறாங்க.

அந்த நிலமையில ஒரு நாடு என்ன பண்ணும்? பக்கத்துலயே லெனின்கிராட்ல, அதான் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கோட அப்போதைய பேரு, முற்றுகைல லட்சக்கணக்குல ஜனம் பசியில செத்து ஓஞ்சிருக்கு. வீடில்ல, சோறில்ல. யாரும் பவுண்டன பத்தி யோசிப்பாங்களான்னு நமக்கு தோணும். அவங்க யோசிச்சாங்க. முதல்ல கண்ணிவெடிய எடுத்தாங்க, அப்பறம் வாய்க்கால தூர் வாரினாங்க, குழாய மாத்தினாங்க. 1946 ஆகஸ்ட் 25ஆம் தேதி முதல் பவுண்டன்கள்ல தண்ணி விட்டாங்க. பின்னாடி அரண்மனை கூரை இல்லாம நிக்குது, முன்னாடி தண்ணி எழும்புது, அந்த பழைய போட்டோ அங்க மாட்டி வெச்சிருக்காங்க, நான் அத பாத்துட்டு கண்ணு கலங்கிட்டேன். அடுத்த வருஷம் சாம்சன். சிமோனோவ்ங்கற சிற்பி போருக்கு முன்ன எடுத்த போட்டோக்கள வெச்சு அந்த சிலைய திரும்ப செஞ்சார். செஞ்சு முடிச்சு லாரில ஏத்தி ஊரோட மெயின் ரோடு நெவ்ஸ்கி வழியா கொண்டு போனாங்க, ஜனம் ரோட்டு ரெண்டு பக்கமும் நின்னு பாத்துச்சு. 1947 செப்டம்பர் 14 அன்னைக்கு சிங்கத்தோட வாயில இருந்து திரும்ப தண்ணி வந்துச்சு. அரண்மனை உள்ள முதல் ஹால்கள திறக்க 1964 ஆயிடுச்சு, இன்னும் கூட அங்கங்க வேலை நடக்குது. மேல் தோட்டத்துல இருக்க நெப்டியூன் சிலை கதை இன்னொன்னு, அது முதல்ல ஜெர்மனில நியூரம்பெர்க்ல செஞ்சது, 18ஆம் நூற்றாண்டுல ரஷ்ய இளவரசர் காசு குடுத்து வாங்கினது, ஜெர்மன்காரங்க திரும்ப நியூரம்பெர்க்குக்கே தூக்கிட்டு போயிட்டாங்க, போர் முடிஞ்சு தேடி கண்டுபிடிச்சு கொண்டு வந்து அதே இடத்துல வெச்சாங்க.

நான் இத ஏன் இவ்ளோ நீளமா எழுதறேன்னா, சிலைய திரும்ப செய்யலாம், தங்கம் பூசலாம், சுவர் கட்டலாம். ஆனா பீட்டர் காலத்துல போட்ட வாட்டம், அந்த சரிவு, அந்த ஊத்து, அது அப்படியே இருந்ததாலதான் மறுபடியும் தண்ணி வந்துச்சு. வெர்சாய்ல மார்லி மெஷின் போயி எத்தனையோ காலம் ஆச்சு, இப்ப மோட்டார் வெச்சு அதே தண்ணிய சுத்தி சுத்தி விடுறாங்க, அதுவும் குறிப்பிட்ட நாள்ல மட்டும். இங்க சீசன்ல தினமும் ஓடுது, ஓடி முடிஞ்ச தண்ணி கால்வாய் வழியா கடலுக்கு போயிடுது, ராத்திரி நிறுத்தி வெச்சா குளம் நிரம்பிக்குது. அக்டோபர்ல தண்ணிய வடிச்சுடுவாங்க, இல்லன்னா உறைஞ்சு குழாய் வெடிச்சுடும். பளிங்கு சிலைங்களுக்கு மரப்பெட்டி போட்டு மூடிடுவாங்க. வசந்தத்துல திரும்ப ஒவ்வொரு வாயா அடைப்பெடுத்து, தண்ணி நேரா பீச்சி அடிக்குதான்னு பாத்து திறப்பாங்க. காலைல திறக்கறதுக்கு முன்னாடி ரப்பர் பூட்ஸ் போட்டுகிட்டு ரெண்டு பேர் தொட்டில இறங்கி குச்சி வெச்சு இலை எல்லாம் எடுத்துட்டு இருந்தாங்க. அவங்கள யாரும் போட்டோ எடுக்கல. என் கண்ணுக்கு அந்த அரண்மனைல முக்கியமான ஆளுங்க அவங்கதான். பேச்சு குடுக்க ஆசையா இருந்துச்சு, தம்பிய விட்டு கேக்க சொன்னேன், எத்தன வருஷமா இந்த வேலைன்னு. அதுல பெரியவர் தொட்டிய காட்டி ஏதோ சொன்னார், தம்பி சொன்னான், "சின்ன வயசுல இருந்துன்னு சொல்றார்ணே". நானும் பைப் வேலைதான்னு சொல்ல சொன்னேன். கைய துடைச்சுட்டு மேல ஏறி வந்து கை குடுத்தார்.

போறவங்களுக்கு சில விஷயம். காலைல 11 மணிக்கு பாட்டு போட்டு சாம்சன திறந்து விடுவாங்க, அதுக்கு முன்னாடியே போயி கால்வாய் மேல இருக்க பாலத்துல இடம் பிடிங்க, கூட்டம் அள்ளும். கீழ் தோட்டம், அரண்மனை, குகை, மோன்ப்ளெசிர் எல்லாத்துக்கும் தனித்தனி டிக்கெட், எல்லாம் பாக்கணும்னு ஓடாதீங்க, கீழ் தோட்டமே 100 ஹெக்டேருக்கு மேல, கால் விட்டுப் போகும். நேரம் கம்மின்னா அரண்மனைய விடுங்க, குகையும் பிரமிடும் பாருங்க. இப்ப இந்தியர்களுக்கு ஈ-விசா இருக்கு, ஆனா நம்ம ஊர் விசா, மாஸ்டர்கார்ட் கார்டு எதுவும் அங்க வேலை செய்யாது, கையில பணம் எடுத்துட்டு போயி மாத்திக்கோங்க. ஜூன் மாசம் போனா ராத்திரி 11 மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், ஆனா பவுண்டன் சாயங்காலமே நின்னுடும். கடல் காத்து கோடைலயும் சில்லுனு இருக்கும், ஜாக்கெட் வேணும், குழந்தைங்கள கூட்டிட்டு போனா ஒரு செட் மாத்து துணி கண்டிப்பா. மேல் தோட்டத்த தாண்டி தெற்க நடந்தா அந்த பழைய குளங்கள பாக்கலாம், அங்க டூரிஸ்ட் யாரும் வர மாட்டாங்க. எனக்கு ரோப்ஷா வரைக்கும் போயி அந்த ஊத்து கிளம்பற இடத்த பாக்கணும், தம்பி படிப்பு முடியறதுக்குள்ள இன்னொரு தடவ போகணும்னு பேசி வெச்சிருக்கோம்.